‘நமக்கு வராது’ என்பவர்களுக்கு

தோல் புற்றுநோய் வெள்ளைக்காரர்களின் நோய், கறுப்பும் மாநிறமுமான நமக்கு அது வராது, அதற்காக மெனக்கெட வேண்டியதில்லை என்றொரு கருத்து நம்மிடையே கேள்வியே இல்லாமல் உலவுகிறது. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் இதில் கிடையாது. மருத்துவம் படித்தவர்களிலும் பலருக்கு உள்ளூர இதே எண்ணம்தான். முழுப் பொய் என்று இதைத் தள்ளிவிட முடிந்தால் வேலை சுலபமாக இருக்கும். ஆனால் இதன் அடியில் கிடக்கும் புள்ளிவிவரம் உண்மையானது. உண்மையான புள்ளிவிவரத்திலிருந்து தவறான முடிவுக்குப் போயிருக்கிறோம் என்பதும், அந்தத் தவறுக்கு விலையாகக் கால்களும் உயிர்களும் போகின்றன என்பதும்தான் என் வழக்கு.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடலாம். அமெரிக்காவில் ஒரு வெள்ளையருக்கு வாழ்நாளில் மெலனோமா என்ற தோல் புற்று வரும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 3. கறுப்பினத்தவருக்கு ஆயிரத்துக்கு 1. இந்தியப் புற்றுநோய்ப் பதிவேடுகளில் எல்லா வகைத் தோல் புற்றுகளையும் சேர்த்தாலும் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டைத் தாண்டுவதில்லை. காரணமும் தெரிந்ததே. தோலின் மேலடுக்கில் உள்ள மெலனின் என்ற நிறமி புற ஊதாக் கதிரை உறிஞ்சி, செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை அது தாக்காமல் தடுக்கிறது. கறுத்த மேல்தோல் தானாகவே தரும் பாதுகாப்பு, வெளுத்த தோல் தருவதைப் போல மூன்று நான்கு மடங்கு. வெளுத்த தோலோடு குடியேறியவர்கள் கொளுத்தும் வெயிலில் வாழும் ஆஸ்திரேலியாவில், மூவரில் இருவருக்கு எழுபது வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்று வந்துவிடுகிறது. குவீன்ஸ்லாந்தின் நாம்பூர் நகரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரை வைத்து நடந்த ஆய்வில், தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு ஸ்குவாமஸ் செல் புற்று என்ற தோல் புற்று வகை ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது அவர்களிடையே மெலனோமாவும் மற்றவர்களுக்கு வந்ததில் பாதியாக இருந்தது. வெள்ளைத் தோலுக்கு வெயில் பகை, மெலனின் அதற்குக் காவல் என்ற இரண்டையும் மறுப்பதற்கில்லை.

ஆனால் மெலனின் காப்பது வெயிலிலிருந்து. தோல் புற்றிலிருந்தே காக்கிறது என்று சொல்ல வேண்டுமானால், தோல் புற்றுக்கு வெயிலைத் தவிர வேறு காரணமே கிடையாது என்று முதலில் நிறுவியாக வேண்டும். இதை யாரும் நிறுவியதில்லை. நிறுவவும் முடியாது, ஏனென்றால் மருத்துவ வரலாறு நேர்மாறாக இருக்கிறது. இன்ன தொழிலால் இன்ன புற்று வருகிறது என்று உலகம் முதன்முதலில் அறிந்துகொண்டதே ஒரு தோல் புற்றைப் பார்த்துத்தான். 1775இல் லண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், சிறுவயதில் புகைபோக்கிக்குள் இறங்கிக் கரி துடைத்தவர்களுக்கு விதைப்பைத் தோலில் வரும் புற்றைப் பற்றி எழுதினார். லண்டனில் வெயில் எவ்வளவு என்பது தெரியும். அதுவும் உடம்பின் எந்த இடத்தில்! அவர்களைக் கொன்றது தோல் மடிப்பில் படிந்த புகைக்கரி.

நம் பக்கத்துச் சான்றுகள் இன்னும் வலுவானவை. காஷ்மீரிகள் குளிருக்காக நீண்ட அங்கிக்குள் வைத்துக்கொள்ளும் காங்கரி, பிரம்புக் கூடைக்குள் மண்சட்டியும் அதில் கரி நெருப்பும் கொண்டது. அந்தச் சூடு ஆண்டுக்கணக்கில் பட்டுப்பட்டு, தொடையிலும் அடிவயிற்றிலும் தோல் கருகி, பின்பு அங்கேயே புற்று வருவதை அங்கே பணியாற்றிய மருத்துவர் எல்ம்ஸ்லி 1866இலேயே பதிவு செய்தார். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையின் நோய்க்குறியியலாளர் கானோல்கர், இறுக்கிக் கட்டிய வேட்டி இடுப்பில் உராய்ந்து உராய்ந்து வரும் புற்றை 1945இல் சூரியாபாயுடன் சேர்ந்து விவரித்தார். புடவைக்குள் கட்டும் உள்பாவாடை நாடா ஒரே இடத்தில் அறுத்து ஆறாப்புண்ணாகி, அது புற்றாக மாறுவதும் இந்திய மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதிவரும் செய்தி. 2024இல்கூட வயதான பெண்கள் இருவரின் கதை மருத்துவ இதழில் வந்து, செய்தித்தாள்களிலும் அடிபட்டது. காங்கரிக்கும் வேட்டிக்கும் நாடாவுக்கும் மெலனின் என்ன செய்யும்? இவை எல்லாமே வெயில் எட்டிப்பார்க்காத இடங்கள்.

மேற்கு வங்கமும் வங்கதேசமும் இதே பாடத்தைப் பெருந்திரளான மக்களை வைத்துக் கற்றுத் தந்தன. குளத்து நீரைக் குடித்துக் குழந்தைகள் வயிற்றுப்போக்கில் செத்ததைத் தடுக்க 1970களில் ஊர் ஊராகக் குழாய்க்கிணறு போட்டார்கள். நல்ல நோக்கம்தான். அந்த ஆழத்து நீரில் ஆர்செனிக் இருந்தது. 1980களின் தொடக்கத்தில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, உடம்பெல்லாம் மழைத்துளி தெறித்தாற்போன்ற புள்ளிகளும் உள்ளங்கை, உள்ளங்காலில் கெட்டிப்பட்ட முடிச்சுகளுமாக வந்த கிராமத்தார்களைப் பார்த்து, குடிநீர்மேல் சந்தேகப்பட்டார். சந்தேகம் சரியாக இருந்தது. அந்த முடிச்சுகளில் சில பிற்பாடு புற்றாக மாறக்கூடியவை. தோலை உற்றுப் பார்த்த ஒருவரால்தான் நிலத்தடியில் இருந்த நஞ்சு வெளியே தெரிந்தது. தோல் நோயை அழகு சம்பந்தப்பட்ட சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம்விடத் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது தழும்பு. 1828இல் பிரெஞ்சு மருத்துவர் மார்ஜோலின் விவரித்த புண்ணுக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. தீக்காயத் தழும்பு, எலும்புவரை சீழ் கோத்து ஆறாத காயம், தொழுநோயில் உணர்விழந்த பாதத்துப் புண் ஆகியவற்றில் ஆண்டுகள் கழித்து முளைக்கும் புற்று அது. தீக்காயத்துக்கும் புற்றுக்கும் இடையிலான கால இடைவெளி சராசரியாக முப்பது ஆண்டுகள். பத்து வயதில் மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்துக் காலில் சுட்டுக்கொண்ட பெண்ணுக்கு நாற்பது வயதில் அந்தத் தழும்பில் ஒரு புண் வந்து ஆறாமல் நின்றால், இரண்டுக்கும் முடிச்சுப் போட யாருக்குத் தோன்றும்? ‘பழைய தழும்பு, துணி உரசியிருக்கும்’ என்று களிம்பு தடவுவார்கள். பட்டாசு ஆலை விபத்துகளில் பிழைத்து வந்தவர்கள் சிவகாசி வட்டாரத்தில் எத்தனையோ பேர். உயிர் பிழைத்ததோடு அவர்களின் மருத்துவம் முடிந்துவிட்டதாகவே எல்லோரும் நினைக்கிறோம். தழும்பு வெடித்து மூன்று நான்கு வாரத்தில் மூடவில்லை என்றால் ஒரு துண்டு சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற ஒரு வரி, வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் இருந்தால் போதும். இந்த வகைப் புற்றைத் தடுக்கும் வழியும் தெரிந்ததுதான். ஆழமான தீக்காயத்தைத் தானாக மூடட்டும் என்று விடாமல் தோல் ஒட்டு வைத்து ஆற்றுவது, நாட்பட்ட புண்ணை நாட்படவே விடாமல் இருப்பது. ‘தடுப்பு’ என்றாலே கடையில் வாங்கிப் பூசுவது என்று நினைக்கும் காலத்தில் இது தடுப்பாகவே தோன்றுவதில்லை.

மெலனோமாவுக்கு வருகிறேன். தோல் புற்றுகளில் மிகக் கொடியது இது. கறுத்த தோலுள்ளவர்களுக்கு வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களைத்தான் அதிகம் தேர்ந்தெடுக்கிறது. இந்த இடங்களில் வரும் மெலனோமாவின் மரபணுவில், வெயில் விட்டுச்செல்லும் தடயங்கள் மிகக் குறைவு. வெளுத்தவர்களுக்கும் இந்த வகை ஏறக்குறைய இதே அளவில்தான் வருகிறது. அவர்களுக்கு வெயிலால் வரும் மற்ற வகைகள் மலைபோலக் குவிந்திருப்பதால் இது கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். ஆக, நமக்கும் அவர்களுக்கும் பொதுவான ஒரு நோயை, அவர்களிடம் அது சிறுபான்மையாக இருப்பதால், நமக்கு இல்லவே இல்லை என்று முடிவு கட்டியிருக்கிறோம். பாடகர் பாப் மார்லியின் கதை உலகறிந்தது. கால் கட்டைவிரல் நகத்தடியில் வந்தது பந்து விளையாடியபோது பட்ட அடியென்றே கருதப்பட்டது. 1977இல்தான் அது மெலனோமா என்று தெரிந்தது. 1981 மே மாதம் 36 வயதில் அவர் மயாமியில் இறந்தார். அவர் மரணத்துக்குத் தாமதம் மட்டுமே காரணம் என்று நான் வாதிட மாட்டேன். விரலை எடுத்துவிட மருத்துவர்கள் சொன்னதை அவர் ஏற்கவில்லை என்பதும் கணக்கில் வர வேண்டும். ஆனால் அடிபட்டதாக நினைத்துக்கொண்டிருந்த அந்தக் காலம், இன்றும் ஒவ்வொரு நோயாளியின் கதையிலும் ஒரு முழு அத்தியாயமாக இருக்கிறது.

அந்த அத்தியாயம் எவ்வளவு விலை கேட்கிறது என்பதற்குக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் மெலனோமா வந்த வெள்ளையர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கிறார்கள். கறுப்பினத்தவரில் ஏறத்தாழ எழுபது பேர்தான். வருவது குறைவு, வந்தால் சாவது அதிகம். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். உள்ளங்கால் மெலனோமா இயல்பிலேயே மூர்க்கமானது, ஆகவே இந்த வேறுபாட்டுக்குத் தாமதத்தைப் பழிசொல்ல முடியாது என்பார்கள். பாதி சரி. ஒரே கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டாலும் இந்த வகையின் முடிவு சற்று மோசமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எல்லா வகை மெலனோமாவுக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கிறது. 1970இல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ, கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்கிறது என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டியெடுத்தால் பெரும்பாலோருக்குக் கதை அங்கேயே முடிந்துவிடுகிறது. நான்கைத் தாண்டினால், தொடையிடுக்கில் நெறி கட்டினால், நிலைமை தலைகீழ். நுரையீரலுக்கோ மூளைக்கோ போய்விட்ட பிறகு, புதிய மருந்துகள் எல்லாம் வந்த இந்தக் காலத்திலும் ஐந்தாண்டு பிழைப்பவர் ஏறத்தாழ மூவரில் ஒருவர்தான். கட்டியின் மூர்க்கம் நம் கையில் இல்லை. எந்த ஆழத்தில் அதைப் பிடிக்கிறோம் என்பது இருக்கிறது.

பிடிக்க முடியாமல் போவது எப்படி என்று பார்த்தால், ‘நமக்கு வராது’ என்ற நம்பிக்கை நேரடியாகக் கொலைக்கு உடந்தையாவது தெரியும். உள்ளங்காலில் கறுப்பாக ஒன்று தோன்றினால் அது மச்சம் (அங்கே மச்சம் இருந்தால் வெளிநாட்டு யோகம் என்று சொல்லவும் ஆள் உண்டு). கொஞ்சம் தடித்தால் கால் ஆணி. வெடித்துக் கசிந்தால், சர்க்கரை உள்ளவர் என்றால், சர்க்கரைப் புண். நகம் கறுத்தால் கதவிடுக்கில் நசுங்கியது, வீங்கினால் நகச்சுற்று. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மருந்து, ஒவ்வொரு மருந்துக்கும் சில மாதம். சுண்ணாம்பு வைத்துச் சுடுவதும், குதிரைமுடியால் கட்டி அறுப்பதும் வீட்டிலேயே நடக்கின்றன. அழகு நிலையத்தில் மின்சாரத்தால் கருக்கிவிடுகிறார்கள். கருக்கியது என்ன என்று பரிசோதிக்க ஒரு துணுக்குக்கூட மிஞ்சுவதில்லை. மருத்துவரும் இந்த வரிசையில் ஒரு படிதான். அவர் படித்த பாடநூலில் மெலனோமாவின் படங்கள் வெள்ளை முதுகில் எடுக்கப்பட்டவை. லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த மலோன் முக்வெண்டே, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று 2020இல் ஒரு கையேடே வெளியிட வேண்டியிருந்தது. மச்சம் சமச்சீராக இருக்கிறதா, ஓரம் ஒழுங்காக இருக்கிறதா என்று 1985இல் நியூயார்க்கில் உருவாக்கிய சோதனை வரிசையும் வெள்ளைத் தோலின் மச்சங்களைப் பார்த்து எழுதப்பட்டதே. நகத்தடிக்கு அது பெரிதாக உதவாது.

இதற்கெல்லாம் மாற்று என்று ஒரு கூட்டம் இப்போது புறப்பட்டிருக்கிறது. அவர்களையும் சும்மா விட முடியாது. நமக்கும் தோல் புற்று வரும், ஆகவே எல்லோரும் தினமும் சன்ஸ்கிரீன் பூசுங்கள் என்கிறது விளம்பரம். ‘வராது’ என்பவரும் ‘பூசு’ என்பவரும் சண்டைக்காரர்கள் போலத் தெரிந்தாலும் இருவரின் பிழையும் ஒன்றே. தோல் புற்றுக்கு வெயிலைத் தவிர வேறு தகப்பன் இல்லை என்று இருவருமே நம்புகிறார்கள். உள்ளங்காலில் வருவதைக் கன்னத்தில் பூசித் தடுக்க முடியாது. கறுத்த தோலில் புற ஊதாக் கதிருக்கும் மெலனோமாவுக்கும் தொடர்பு உண்டா என்று கிடைத்த ஆய்வுகளையெல்லாம் டெக்சாஸ் தோல் மருத்துவர் அடெவோலே ஆடம்சன் குழுவினர் திரட்டிப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் தொடர்பு எதுவும் தென்படவில்லை. வெயிலைத் தவிர்த்தே ஆக வேண்டியவர்கள் நம்மிடையேயும் உண்டு. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்கள், டிஎன்ஏ பழுதைச் சரிசெய்யும் திறனின்றிப் பிறக்கும் குழந்தைகள் (பெற்றோர் இருவரிடமிருந்தும் வர வேண்டிய குறை என்பதால் சொந்தத்தில் மணம் முடிக்கும் குடும்பங்களில் இது கூடுதல்), மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி எதிர்ப்பாற்றலை அடக்கும் மாத்திரையில் வாழ்பவர்கள். இவர்களுக்குச் சன்ஸ்கிரீனும் முழுக்கைச் சட்டையும் தொப்பியும் மருந்துக்குச் சமம். நிறமியற்ற ஒரு பிள்ளைக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கொடுக்க வேண்டிய குப்பி, சிவப்பழகு வேண்டுவோருக்கான கடை அலமாரியில் விலையேறி நிற்பது எனக்கு எரிச்சலூட்டும் விஷயம்.

மருத்துவம் தெரிந்தவர்கள் வைக்கும் வேறொரு மறுப்பு இதைவிடக் கனமானது. தேடத் தேடக் கிடைக்கும், கிடைப்பதெல்லாம் ஆபத்தல்ல என்கிறார்கள். அமெரிக்காவில் நாற்பது ஆண்டுகளில் மெலனோமா கண்டறியப்படுவது ஆறு மடங்கானது, சாவு எண்ணிக்கையோ அதற்கேற்ப ஏறவில்லை. தீங்கு செய்யாமலே கிடந்திருக்கக்கூடிய பலவற்றையும் புற்றென்று வெட்டித் தள்ளியிருக்கிறார்கள் என்று மருத்துவ ஆய்வாளர் கில்பர்ட் வெல்ச் முதலானோர் 2021இல் எழுதியது வலுவான வாதம். ஜெர்மனி 2008 முதல் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய எல்லோருக்கும் இரண்டாண்டுக்கு ஒருமுறை தோல் சோதனை வைத்தும் சாவு எதிர்பார்த்தபடி குறையவில்லை. அறிகுறியே இல்லாதவர்களைச் சோதிப்பதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் 2023இல் அறிவித்தது. இத்தனையையும் ஏற்றுக்கொண்டுதான் பேசுகிறேன். ஊரைக் கூட்டி எல்லோருடைய மச்சத்தையும் எண்ணச் சொல்லவில்லை. அவர்கள் சொல்வது நலமாக இருப்பவரைத் தேடிப்போய்ச் சோதிப்பதைப் பற்றி. இங்கே பிரச்சினை, புண்ணோடு நேரில் வந்து நிற்பவரையே களிம்பு கொடுத்துத் திருப்பி அனுப்புவது. அங்கே மிகையாகத் தேடுகிறார்கள் என்பது, இங்கே கண்ணெதிரே இருப்பதைப் பார்க்காமல் இருக்க நியாயமாகாது.

பயமுறுத்துவதாகச் சொல்பவர்களுக்கும் இதே பதில். எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவருக்குப் பயம் குறையும். மாநிறத்தவருக்கும் கறுத்தவருக்கும் நகங்களில் நீளவாக்கில் கோடுகள் வருவது சாதாரணம். பல நகங்களில் இருந்தால் கவலைப்பட ஏதுமில்லை. ஒரே ஒரு நகத்தில், நடுவயதுக்கு மேல் புதிதாக ஒரு கோடு வந்து, அகன்றுகொண்டே போய், அந்தக் கறுப்பு நகக்கண்ணைத் தாண்டித் தோலிலும் பரவினால் அன்றைக்கே போக வேண்டும். உள்ளங்காலில் புதிதாக வந்து பெரிதாகும் கறுப்பு, கால் ஆணி என்று செதுக்கியும் ஆறாத புண், ஒரு மாதம் கட்டுப் போட்டும் மூடாத காயம், பழைய தழும்பில் கிளம்பும் சதை ஆகியவையும் அப்படியே. இதில் சிலர் இன்னொரு பயத்தைக் கிளப்புவார்கள். கத்தி பட்டால் புற்று பரவும் என்று சொல்லி, சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சிக்கே மறுப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். முறையாக எடுக்கும் பயாப்சியால் மெலனோமா நோயாளிகள் கூடுதலாக இறப்பதில்லை என்பது ஆய்வில் தெளிந்த விஷயம்.

கடைசியில் நிற்பது முன்னுரிமை பற்றிய கேள்வி. வாய்ப்புற்றும் கருப்பைவாய்ப் புற்றும் மார்பகப் புற்றும் இத்தனை பேரைக் கொல்லும் நாட்டில், நூற்றில் ஒன்றிரண்டாக வரும் ஒன்றுக்குப் பணம் செலவழிப்பதா? செலவழிக்க வேண்டாம். இதற்கென்று தனி இயந்திரமோ தனி முகாமோ நான் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில் 2021 முதல் வீட்டு வாசலுக்கே போய்ச் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை கொடுக்கிறார்கள். நீரிழிவுக்காரர்களின் கால்களைக் காப்பதற்காகப் பாதம் பாதுகாப்போம் என்ற பெயரில் அரசுத் திட்டம் இருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைத் திருப்பிப் பார்க்கும் கை ஏற்கெனவே இருக்கிறது. ஊசி குத்தினால் உணர்வு இருக்கிறதா, விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா என்று அது பார்க்கிறது. அதே பார்வையில், இந்தக் கறுப்பு எப்போது வந்தது, இந்தப் புண் எத்தனை நாளாக ஆறவில்லை என்று இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கலாம். பதில் சரியில்லை என்றால் மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு சீட்டு எழுதலாம். அங்கே பயாப்சி எடுக்கத் தோல் மருத்துவப் பிரிவுக்கு வேண்டியது ஒரு சிறிய வட்டக் கத்தியும், மரத்துப்போக ஓர் ஊசியும், பார்மலின் ஊற்றிய ஒரு குப்பியும்தான்.